கிருமிநாசினியும் மாறாத புண்ணும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் ஊர் கருங்கல் பக்கம். நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், உடைப்பு வேலைக்குப் போகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. போன இடவப்பாதி மழையில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்து காலில் புண்ணானது. அது ஆறினால் இன்னொன்று, அதுவும் ஆறினால் முட்டிக்குக் கீழே வேறொன்று என்று இன்றுவரை மாறி மாறி வருகிறது. தேன் நிறத்தில் பொருக்கு கட்டுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம். போட்டால் குறைகிறது, விட்டால் வருகிறது. உடம்பில் கிருமி இருக்கிறது, அதைக் கொல்ல வேண்டும் என்று சொன்னார்கள். அதனால் தினமும் இரண்டு நேரம் குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுகிறேன், கிருமி கொல்லும் சோப்பும் போடுகிறேன். இப்போது அவன் தோல் வெளுத்து, வறண்டு, செதில் செதிலாக இருக்கிறது. என் கையும் கொட்டையின் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து வெடித்துக் கிடக்கிறது. என் கையிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறதா? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார் மாமியார். உடம்பில் இருக்கிற கிருமி முழுவதையும் ஒழிக்க என்ன வழி? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா, குளத்தில் குளிக்க விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உடம்பில் இருக்கிற கிருமி முழுவதையும் ஒழிக்க வழி இல்லை. வழி இருந்தால்கூட அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகனுக்குப் புண் மாறாமல் இருப்பதற்கு நீங்கள் ஊற்றும் கிருமிநாசினியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்கக் கஷ்டமாக இருக்கும். பிள்ளைக்காக இரண்டு நேரமும் மெனக்கெட்டுச் செய்கிறீர்கள், அதையே குறை சொல்வது போலத் தோன்றும். அதனால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேன் நிறப் பொருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு நல்ல துப்பு. மழைக்காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழேயும் மூக்கு, வாய் ஓரத்திலும் வரும் சிரங்கு அது. இரண்டு பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் காரணம். ஒன்று ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மற்றது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். இவை இரண்டும் வேற்றுக்கிரகத்திலிருந்து வருபவை அல்ல. முதலில் சொன்னது பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேரின் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பலரின் மூக்கிலும் இருக்கும், எழுதுகிற என் மூக்கிலும் இருக்கலாம். அப்படியானால் எல்லோருக்கும் ஏன் சிரங்கு வருவதில்லை? இதுதான் விஷயமே.

தோலின் மேலடுக்கு செத்துப்போன செல்களால் ஆனது. நம் பழைய வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்குமே, அதுபோல 15, 20 வரிசை தட்டையான செல்கள். அத்தனை வரிசையும் சேர்ந்தும் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடிமன் அதிகம். செல்களுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று வகைக் கொழுப்பு நிரம்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருப்பது உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது இந்தக் கொழுப்புதான். மேலே இருப்பவை உதிர உதிரக் கீழிருந்து புதியவை ஏறி வரும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடும். உதிரும்போது அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் சேர்ந்து போய்விடுகின்றன. நாம் எதுவும் செய்யாமலே நடக்கிற சுத்தம் இது.

அடுத்தது அமிலம். நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பி.எச். என்ற அளவில் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும். சுத்தமான தண்ணீருக்கு 7. நாம் போடுகிற சாதாரணக் கட்டி சோப்புக்கு 9, 10. ஒருமுறை சோப்பு போட்டுக் குளித்தால் தோலின் அமிலத்தன்மை குறைந்துவிடும், பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். நல்ல தோலுக்கு இது பெரிய விஷயம் இல்லை, திரும்பிவிடும். ஆனால் காலையும் மாலையும், அதுவும் ஏற்கெனவே புண்ணான தோலில், அழுத்தித் தேய்த்து சோப்பு போட்டால் திரும்புவதற்கு நேரமே கிடைக்காது. நான் சொன்ன செராமைடைத் தயாரிக்கும் என்சைம்களுக்கு, அதாவது உடம்பின் வேதி வேலைகளை நடத்தும் புரதங்களுக்கு, அமிலச் சூழல் வேண்டும். அமிலம் குறைந்தால் அவை மந்தமாகிவிடும். அதே நேரத்தில் செல்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை வெட்டுகிற வேறு சில என்சைம்கள் சுறுசுறுப்பாகிவிடும். செல்கள் சீக்கிரமாக, கொத்துக் கொத்தாக உதிரும். நீங்கள் எழுதிய ‘வெளுத்து, வறண்டு, செதில் செதிலாக’ என்பது இதுதான். அழுக்கு உரிகிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். உரிவது அழுக்கு அல்ல, பிள்ளையின் காவல்.

இன்னொரு பக்கம், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு அமிலம் பிடிக்காது. அமிலம் குறைந்த தோல் அதற்கு ரொம்ப வசதி.

இனி அந்தத் தோலில் ஏற்கெனவே வாழ்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்குள், விரலிடுக்கு போன்ற ஈரமான இடங்களில் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், 10 லட்சம் பாக்டீரியாக்கள்வரை இருக்கும். முன்கை போன்ற வறண்ட இடங்களில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை. குளித்து முடித்து, துவைத்த துணி போட்டு, பவுடர் பூசிக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவை இருக்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்தும் சுற்றியிருப்பவர்களிடமிருந்தும் வந்து சேர்ந்தவை. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. பல, வாடகைக்குப் பதிலாக வேலையும் செய்கின்றன.

முக்கியமானவற்றில் ஒன்றின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். சிரங்கு உண்டாக்கும் ஆரியஸுக்குப் பங்காளிதான், ஆனால் குணம் வேறு. இடத்தையும் உணவையும் இது முதலிலேயே பிடித்துவைத்துக்கொள்வதால் புதிதாக வரும் கெட்டதுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. அது மட்டும் இல்லை. ஆரியஸ் கிருமிகள் ஒன்றாகக் கூடி, தங்களைச் சுற்றி ஒரு பசைப்படலம் கட்டிக்கொள்ளும். மருந்துகூட எளிதில் உள்ளே போகாத படலம் அது. எபிடெர்மிடிஸ் வகையில் சில, அந்தப் படலத்தைக் கரைக்கும் ஒரு என்சைமை வெளியிடுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். அப்படிப்பட்ட எபிடெர்மிடிஸ் மூக்கில் உள்ளவர்களிடம் ஆரியஸ் குறைவாக இருந்தது.

2016-ல் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். மனித மூக்கில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா, லக்டுனின் என்று ஒரு ஆன்டிபயாடிக்கைத் தானே தயாரித்து ஆரியஸைக் கொல்கிறது. பல மருந்துகளுக்கு மசியாத ஆரியஸ் வகைகள்கூட அதற்கு மசிந்தன. புது ஆன்டிபயாடிக் தேடி உலகமெல்லாம் மண்ணைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று மூக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது! அது இன்னும் மருந்துக்கடைக்கு வரும் நிலையில் இல்லை, அதனால் அந்தப் பெயரில் யாராவது ஏதாவது விற்றால் வாங்காதீர்கள்.

எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் வாழ்கிற க்யூட்டிபாக்டீரியம் என்ற வகை, முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படுவதால் கெட்ட பெயர் வாங்கியது. ஆனால் தோலில் ஊறும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, மேலே சொன்ன அமிலத்தன்மையைத் தக்கவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சிறுபிள்ளைகளுக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் வேலை தொடங்கவில்லை. பருவ வயதில்தான் தொடங்கும். அதனால் அவர்கள் தோலில் இந்த வகைப் பாக்டீரியாவும் கொழுப்பு அமிலமும் குறைவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி சிரங்கு வருவதும், அதே வீட்டில் அதே கொசு கடிக்கும் உங்களுக்கு வராததும் ஓரளவு இதனால் இருக்கலாம்.

தோலும் சும்மா இருப்பதில்லை. வியர்வையிலேயே டெர்ம்சிடின் என்று ஒரு கிருமி எதிர்ப்புப் பொருள் இருப்பது 2001-ல் தெரிய வந்தது. மேல்தோல் செல்களும் அப்படிப் பல பொருட்களைச் சுரக்கின்றன. அடியில் காவல் செல்கள் இருக்கின்றன, யார் நம்மவர், யார் அன்னியர் என்று அவை பழகிக்கொள்வதே இந்தக் குடியிருப்புக் கிருமிகளைப் பார்த்துத்தான். பிறந்து சில நாட்களிலிருந்தே இந்தப் பழக்கம் நடக்கிறது. பிறந்த குழந்தையைக் குறைந்தது 24 மணி நேரமாவது குளிப்பாட்டாமல் வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைக்குக் குளிர் ஏறிவிடக்கூடாது என்பது அதன் முக்கியக் காரணம். தோல்மேல் இருக்கும் வெள்ளை மாவு போன்ற படலம் பாதுகாப்பு என்பதும் சேர்ந்து வருகிறது. அதைத் தேய்த்துக் கழுவ அவசரப்படுகிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, கிருமிநாசினி ஊற்றினால் என்ன ஆகிறது? அதற்கு நல்லது, கெட்டது தெரியாது. புண்ணில் இருக்கும் ஆரியஸைக் கொஞ்சம் குறைக்கும், சுற்றியிருக்கும் நல்ல தோலில் எபிடெர்மிடிஸையும் குறைக்கும். 1938-ல் பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தன் கைகளை வரிசையாக வைத்த பேசின்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு பேசினிலும் எத்தனை கிருமி வந்தது என்று எண்ணினார். மேலோட்டமாக ஒட்டியிருந்தவை முதல் சில கழுவலிலேயே போய்விட்டன. ஆழத்தில் குடியிருப்பவை எவ்வளவு தேய்த்தும் முழுவதும் போகவில்லை. கொஞ்ச நாளில் பழைய அளவுக்கு வந்துவிட்டன. வந்துபோகிற கிருமி, குடியிருக்கிற கிருமி என்று நாங்கள் இன்றும் பிரித்துப் பேசுவது அவர் வைத்த கணக்கில்தான். நல்ல தோலில், விரட்டினாலும் திரும்பி வருபவர்கள் பழைய குடித்தனக்காரர்களே. வெடித்த தோலில், காலியான இடத்தை யார் முதலில் பிடிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்திலேயே ஆறாத புண் ஒன்று இருந்தால் அங்கிருந்துதான் ஆள் வரும்.

கிருமி கொல்லும் சோப்பு என்று தனியாக விலை கொடுத்து வாங்குவதிலும் லாபம் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோக சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை நன்றாக வேலை செய்கின்றன என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை, நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு என்றும் நிரூபிக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கை கழுவுவதை நிறுத்திவிடாதீர்கள். கக்கூஸ் போய் வந்த பிறகும், மீன் வெட்டிய பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது வந்துபோகிற கிருமிகளை எடுக்கத்தான். அதில் எந்தச் சமரசமும் இல்லை. நான் சொல்வது முழு உடம்பையும் மருந்தில் முக்கி எடுப்பதைப் பற்றி.

உங்கள் கைக்கு வருகிறேன். பிள்ளையைப் பற்றி இத்தனை வரி எழுதிவிட்டு உங்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அண்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான், கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தோட்டு எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டோல் என்ற பொருளும் இருக்கின்றன. இரண்டும் தோலை அரிக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கொல்லாமரம் என்கிற முந்திரி மரமும் சேங்கொட்டையும் மாமரமும் ஒரே தாவரக் குடும்பம், குணத்தில் கொஞ்சம் ஒற்றுமை உண்டு. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே. அப்புறம், கையில் பிசுபிசுப்பு ஒட்டாமல் இருக்கச் சாம்பல் தொட்டு உடைக்கிற வழக்கம் பல இடத்தில் உண்டு. சாம்பல் காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிரானது. சோப்பு செய்கிற அதே வேலையை, அதைவிடக் கடுமையாக, நாள் முழுக்கச் செய்கிறது. சாயங்காலம் கறை போக வேண்டும் என்று துணி துவைக்கிற பவுடரில் கை கழுவினால் மிச்சமிருந்த கொழுப்பும் போய்விடும்.

உங்கள் கையிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறதா என்று கேட்டீர்கள். போகலாம். வெடித்து, அழன்ற கையில் ஆரியஸ் எளிதில் குடியேறும். வெளியே புண் தெரியாவிட்டாலும் இருக்கும். அந்தக் கையால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறோம், புண் துடைக்கிறோம். ஆனால் எதிர்த்திசையிலும் அதே அளவு நடக்கும். பிள்ளையின் புண்ணிலிருந்து உங்கள் வெடிப்புக்கு. யார் யாருக்குக் கொடுத்தது என்று தேடுவதில் பயன் இல்லை. வீட்டில் யாருக்கோ மூக்கில் இருந்தும் வரலாம். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்த்தால்தான் இது நிற்கும்.

கைக்கு என்ன செய்யலாம்? வேலைக்கு முன் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள், சாம்பலை விட அது மேல். உள்ளே பருத்திக் கையுறை, அதற்கு மேலே நைட்ரில் கையுறை போட்டால் இன்னும் நல்லது. சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி இளகிவிடும். உடைத்த எடைக்குத்தானே கூலி, கையுறை போட்டால் வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு கைக்கும் முடியாவிட்டால், எண்ணெய் அதிகம் படுகிற கைக்காவது போடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, பழந்துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெய்க் கறை எண்ணெயில்தான் இளகும். பிறகு குளிக்கிற சோப்பால் ஒருமுறை கழுவினால் போதும். மிச்சக் கறை தோலோடு தானே உதிரும், அதைச் சுரண்டாதீர்கள். இரவில் வாசலின் தடவிப் படுங்கள். வெடிப்பில் சீழோ நீரோ வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அதை உபயோகிக்க இது சரியான காரணம்.

மாமியார் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதற்கும், அதிலிருந்து உண்டாகும் மோனோலாரினுக்கும், ஆரியஸை அடக்கும் சக்தி உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ளவர்களிடம் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-ல் வந்த அந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் தடவியவர்களின் தோலில் ஆரியஸ் நன்றாகக் குறைந்திருந்தது. ஈத்தாமொழித் தேங்காய்க்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் விலை கூடிய லோஷனைத் தேடுவது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். ஆனால் எண்ணெய் வறண்ட தோலுக்கு மட்டும். சீழ் வடியும் புண்ணின் மேலே வேண்டாம். குளித்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மெல்லியதாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்த்து, உச்சி வெயிலில் நிறுத்தினால் வியர்வையோடு சேர்ந்து மயிர்க்கால்கள் அடைத்து வேறு கொப்பளம் வரும். பொடுகு உள்ள தலைக்கும் எண்ணெய் உதவாது, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பச்சைப் புண்ணில் அப்புவது வேண்டாம். அம்மியில் இருந்து வருவது, தோட்டத்து இலை, கழுவிய தண்ணீர் எல்லாமே சுத்தம் என்று சொல்ல முடியாது. காய்ந்து இறுகினால் அதை எடுக்கும்போது புண்ணும் சேர்ந்து கிழியும். மாமியாருக்கு மனசு கேட்காவிட்டால் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பொருக்கை ஊறவைத்துத் துடைக்கட்டும். அதில் தப்பில்லை, உண்மையில் ஊறவைத்துப் பொருக்கை எடுப்பதே வைத்தியத்தின் முதல் படி.

இப்போது அந்தக் களிம்பு. அதன் டியூபை எடுத்துப் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்று ஏதாவது அதில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவை ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து ஒரே டியூபில் அடைத்து, சீட்டு இல்லாமலே கவுண்டரில் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கும், அதனால் ஆறிவிட்டது போலத் தோன்றும். அடியில் கிருமி இருக்கும். தோலின் காவலை அது தூங்க வைத்துவிடும், தொடர்ந்து போட்டால் தோலே மெலிந்துபோகும். ‘போட்டால் குறைகிறது, விட்டால் வருகிறது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. சிரங்கு நாலைந்து இடத்தில் மட்டும் என்றால் முபிரோசின் அல்லது ஃப்யூசிடிக் அமிலக் களிம்பு, பொருக்கை எடுத்த பிறகு, டாக்டர் சொல்கிற நாள்வரை போட்டால் பெரும்பாலும் மாறும். நிறைய இடத்தில் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ வாய்வழி மருந்து தேவைப்படும். அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள், மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்தும் வைக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி, இதற்கு வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பதில் கண்டுபிடியுங்கள். பிள்ளைக்கு இரவில் அரிப்பு அதிகமா? விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, குறி ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பொரி இருக்கிறதா? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? ஆம் என்றால் அடியில் சொறி இருக்கலாம். அது பாக்டீரியா அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் சுரங்கம் போடுவது. அதைச் சொறிவதால் வருகிற புண்ணில்தான் சிரங்கு ஏறுகிறது. மேலே எத்தனை களிம்பு போட்டாலும் அடியில் பூச்சி இருக்கும்வரை மாறாது. பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே இரவில் கழுத்து முதல் பாதம்வரை பூசி, காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

தினசரி விஷயங்களில் பெரிதாக எதுவும் இல்லை. கிருமிநாசினியை நிறுத்துங்கள். குளிப்பது ஒரு நேரம் போதும், வியர்த்தால் இரண்டாவது முறை வெறும் தண்ணீர். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, கால், கைக்கு மட்டும். பிள்ளைக்குத் தனித் துண்டு, வெயிலில் காயப்போட்டது. மழைக்காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால் துண்டையும் தலையணை உறையையும் கொதிநீரில் முக்கி எடுங்கள். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் கொசுக்கடியைப் புண்ணாக்குவது நகம்தான். மாலையில் முழுக்கால் சட்டை, இரவில் கொசுவலை. ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைத் தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் பஞ்சில் எடுத்துப் பரிசோதித்து, மூக்குக்குள் போடுகிற களிம்பும், குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் குளியலும் எழுதித் தருவோம். கிருமிநாசினிக்கு எதிராக இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்ற கணக்கோடு கொடுத்தால் அது மருந்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இதைப் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிரங்கு வந்த சில பிள்ளைகளுக்கு, புண் வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கும், மூத்திரம் குறையும், அல்லது பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகும். அப்படிக் கண்டால் அன்றே பிள்ளைகள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், முன்பு சிரங்கு இருந்ததையும் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவினாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தாலோ அதே அவசரம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு, சரியான மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்த பிறகு அனுப்பலாம், புண்ணை மூடிக் கட்டி அனுப்புங்கள். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பெஞ்சில் ஒதுக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை. குளத்தைப் பொறுத்தவரை, திறந்த புண் இருக்கிறவரை வேண்டாம், கடலும் வேண்டாம். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நம் கரையோர ஊர்களில் சொல்வார்கள். ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரிலும் காயல்நீரிலும் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது, ஈரல் நோயோ சர்க்கரையோ உள்ள பெரியவர்களுக்கு அது புண் வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. உங்கள் பிள்ளைக்கு அந்த அளவு பயம் தேவையில்லை. பொருக்கு விழுந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் மூடிவிட்டால் அவன் தாராளமாகக் குளத்தில் குதிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றி, விரலிடுக்கைத் துடைத்துவிடுங்கள்.